வாலில் வைத்த சந்தனம்

இறக்கையோடு வந்து இறங்குகிறவர்களை எந்த விமான நிலையத்துக்கும் பிடிப்பதில்லை. மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்த நீளப் பெட்டியின் நான்கு பக்கமும் 'உடையும் பொருள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தேன். இறங்கிய இடத்தில் அதைத் தலைகீழாக வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். சுங்க மேசையில் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். எடையே தெரியாத பல்சா மரத்தில் செய்து, மெல்லிய தாள் ஒட்டி, வெள்ளை பூசிய இரண்டு இறக்கைகள் தெர்மோகோலுக்கு நடுவே கிடந்தன. அதிகாரி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

"ட்ரோனாமா?"

"இல்லைங்க. ராக்கெட் கிளைடரோட இறக்கை."

ராக்கெட் என்ற சொல்லை நான் வாயிலிருந்து விட்டிருக்கக் கூடாது. இன்னும் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"மோட்டார் எங்க?"

"மோட்டாரை விமானத்தில கொண்டுவர முடியாதுங்க. போட்டி நடத்துறவங்களே கொடுப்பாங்க."

"அப்ப இது பறக்காதா?"

"இப்ப பறக்காது."

"பறக்காத சாமானுக்கு எதுக்குமா இவ்ளோ பெரிய பொட்டி?" என்று அவர் கேட்டதும் மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட இயற்பியல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு வருட விடுமுறை நாட்களையெல்லாம் தின்னக் கொடுத்து நான் இழைத்த இறக்கை அது. கட்டைவிரல் பட்ட இடத்தில் லேசாகக் குழி விழுந்திருந்தது. அவர்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் கிளைடர் மேலே போகும்போது ராக்கெட். நெட்டுக்குத்தாகச் சீறிக்கொண்டு போகும். மோட்டார் எரிந்து தீர்ந்ததும் அது கிளைடர். இறக்கையை மட்டும் நம்பி மிதந்து இறங்கும். தரையில் நிற்பவர் கையிலிருக்கும் ரேடியோவால் அதைத் திருப்பி ஓட்ட வேண்டும். எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்பதற்கு மதிப்பெண். எங்கள் பிரிவில் இன்னொரு தொல்லையும் உண்டு. நிஜமாகப் பறந்த ஒரு விமானத்தின் அச்சு அசலான சின்ன உருவமாக அது இருக்க வேண்டும். நடுவர்கள் படத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆக, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும், நூல் பிசகாமல் சமநிலையிலும் நிற்க வேண்டும்.

எங்கள் மாடலின் இறக்கையை நான் ஈப்போவில் செய்தேன். உடலையும் வாலையும் காஞ்சிபுரத்தில் ரியாஸ் செய்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஜரிகை வியாபாரம் செய்கிற குடும்பம். மாடல் பைத்தியங்கள் கூடுகிற ஓர் இணையக் குழுவில் பழக்கம். வருடக்கணக்காக வீடியோவில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. இந்தப் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து கட்டலாம், எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடக்கிற போட்டியில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு, அடுத்த வருடம் ஐரோப்பாவில் நடக்கும் பெரிய போட்டியில் இடம். ரியாஸ் இதற்கு முன் இரண்டு தடவை மூன்றாவதாக வந்து நின்றவன்.

"இந்தத் தடவ செலக்ட் ஆவலேன்னா மாடி ரூமை ஷாஹிதாக்கு விட்டுடணும் அக்கா. அவ்ளோதான், எல்லாத்தையும் மூட்ட கட்டிட வேண்டிதான்" என்று நான் கிளம்பும் முன்பே சொல்லியிருந்தான். ஷாஹிதா அவன் மனைவி. பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பவள். மாடி அறை அவனுடைய பட்டறை. ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரே ஆசையையும் பறிக்கப் பார்க்கிறாளே, இவள் என்ன பெண் என்று முகம் பாராமலே அவள் மேல் எனக்குக் கோபம்.

பேருந்தில் கண்டக்டர் பெட்டியை நீளவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். "உள்ள இன்னாமா, வீணையா?"

"இறக்கை."

"எதோட எறக்க?"

பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "எறக்க வெச்சிக்கினு பஸ்ல வராங்கபா" என்று டிரைவரிடம் சொன்னார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். நகர்த்தினால் விழித்துக்கொள்வார், நகர்த்தாவிட்டால் இறக்கை ஒடியும். பாதி வழி அவர் முழங்கையை என் கையால் தாங்கிக்கொண்டே வந்தேன். ஈப்போவில் இப்படி யாராவது சாய்ந்தால் ஒரு 'சாரி'யாவது வரும். இவர் இறங்கும்போது "வரேன்மா" என்று சொந்தக்காரரைப்போல விடைபெற்றார்.

ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம் லாட்ஜ் பெயரைத் தெளிவாகச் சொல்லித்தான் ஏறினேன். ஆட்டோ ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றது. "சும்மா உள்ள போய் பாத்துட்டு வாமா, பாக்கறதுக்கு காசா கேக்கறாங்க?" என்றார். கத்தினேன். கிளம்பினார். அடுத்து இன்னொரு பட்டுக்கடை வாசலில் நின்றது. லாட்ஜில் இருந்தவரோ என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "கூட யாரு வராங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். "தனியாவா?" என்று என் பெட்டியைப் பார்த்தார், உள்ளே ஆள் இருக்கலாம் என்பதுபோல.

மறுநாள் காலை வரதராஜப் பெருமாள் கோவில் பக்கம் கோவில் இட்லி சாப்பிட்டேன். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு உயரமாக வேகவைத்து, கத்தியால் துண்டு போட்டுத் தருகிறார்கள். ஈப்போவில் காலையில் ரொட்டி சானாயைப் பருப்பில் முக்கிப் பசியாறுகிறவளுக்கு இது வேறு உலகம். ஒரு துண்டு சாப்பிட்டேன், இரண்டாவதும் கேட்டேன். அந்தத் தட்டு காலியாகும்வரை என் கோபம் ஓய்ந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரியாஸின் வீடு பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஒரு சந்தில். இரண்டு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம். நேரில் பார்த்தால் வீடியோவில் தெரிந்ததைவிட உயரம், பேச்சு குறைவு. மாடிக்கு அழைத்துப்போனான். பசை வாசனை, மரத்தூள், கூரையிலிருந்து நூலில் தொங்கும் பழைய மாடல்கள், தெருவைப் பார்த்த ஜன்னல். இவ்வளவு நல்ல அறையை விட்டுக்கொடுக்க எவனுக்கு மனசு வரும் என்று நினைத்தேன்.

அவன் செய்திருந்த உடலைத் துணியை விலக்கிக் காட்டினான். கருநீலம், வாலில் ஒரு வெள்ளைப் பட்டை, பொட்டுப் பொட்டாக ஆணித்தலைகள்கூட. என் இறக்கையை அதில் செருகினேன். இரண்டு நாட்டில் செய்த இரண்டு பாதி, ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. ரியாஸ் "மாஷா அல்லா" என்றான்.

பிறகு சமநிலை. இதுதான் எங்கள் தொழிலின் உயிர்நாடி. இறக்கைக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்திருப்போம். அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல்நுனியை வைத்துத் தூக்கினால் மாடல் மூக்கைக் கொஞ்சமே கொஞ்சம் தாழ்த்தி நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மேலே போய் மல்லாந்து விழும். மூக்கு அதிகம் தாழ்ந்தால் கல்லாக இறங்கும். புள்ளியிலிருந்து மூக்கு பக்கம், வால் தூரம். அதனால் வாலில் ஒரு பயறு எடை ஏறினால் மூக்கில் மூன்று பயறு வைத்துச் சரிக்கட்ட வேண்டும். பிள்ளைகள் ஏறுகிற சீசாப் பலகையின் கணக்குதான். ஜரிகை நிறுக்கிற சின்னத் தராசை ரியாஸ் கடையிலிருந்து கொண்டுவந்தான். மூக்குக்குள் பொம்மை செய்கிற மெழுகுக் களியை மிளகு மிளகாக உருட்டி வைத்தோம், எடுத்தோம், மறுபடி வைத்தோம். மத்தியானம் ஷாஹிதா பிரியாணியும் தால்ச்சாவும் கொண்டுவந்து வைத்தாள். கத்திரிக்காய் கூட்டு அப்படியொரு ருசி. நான் அவளைப் பார்த்து, "நல்லாருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் மாகறல் பக்கம் செய்யாற்றங்கரையில் கையால் எறிந்து சோதனை. மோட்டார் இல்லாமல் வெறும் மிதப்பு மட்டும். ஷேர் ஆட்டோவில் இறக்கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். வேகம் கூடியதும் இறக்கை காற்றை வாங்கி என் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டது. "இன்னாமா, ஆட்டோவ பறக்க வுட்ருவ போலக்குது" என்றார் ஓட்டுநர்.

ஆற்றங்கரையில் ஆடு மேய்க்க வந்தவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினி ரூபாபா இது?" என்று ரியாஸிடம் கேட்டார். ரியாஸ் சொன்னான். "அந்தக் காசுக்கு ரெண்டு ஆடு வாங்கலாமே" என்றார் என்னைப் பார்த்து. ஆட்டை எறிந்தால் மிதக்குமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ரியாஸ் எறிந்தான். நான் ரேடியோவின் குச்சியைத் தொடவே இல்லை. அது நேராக, அவசரமில்லாமல், தரையைத் தடவிக்கொண்டே போய்ப் புல்லில் உட்கார்ந்தது. ஆட்டுக்காரர்கூட "ம்" என்றார். ரியாஸ் என் பக்கம் திரும்பி, "ரூம் தப்பிச்சுதுக்கா" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போட்டி அன்று ஒரு கல்லூரி மைதானம். விடியற்காலையில் காற்று அசையவே இல்லை. இதைவிட நல்ல வானம் கிடைக்காது. எடை பார்த்தார்கள், படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆணித்தலைகளைப் பார்த்து ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உருவ மதிப்பெண்ணில் நாங்கள்தான் முதல். இனி ஒழுங்காக மிதந்தால் போதும்.

அந்த நேரத்தில்தான் மார்பில் பட்டன்ரோஜா குத்திய செயலாளர் என்னிடம் வந்தார். கையில் ஒரு வெள்ளித்தட்டு, அதில் பொன்னாடைகள்.

"மேடம், இத கொஞ்சம் புடிச்சிக்கினு இப்படி நில்லுங்க. சீஃப் கெஸ்ட் வந்துனே இருக்கறாரு."

"நான் போட்டியாளருங்க."

"அதுக்கு இன்னா மேடம், லேடீஸ் வேற யாரும் இல்ல பாருங்க."

சரிதான். அந்த மைதானத்தில் மாடல் ஓட்ட வந்த ஒரே பெண் நான். அதனால் தட்டுப் பிடிக்க வேண்டியவளும் நான். தட்டை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் எடுத்து மறுபடி கொடுத்தார். மறுபடி வைத்தேன். தட்டுக்குக் கை முளைக்காது, நீங்களே பிடியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் கற்பூர வாசனை வந்தது.

எல்லா மாடல்களையும் ஒரு நீள மேசையில் வரிசையாக வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு லாரிக்கும் தறிக்கும் வைப்பதுபோல, ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அள்ளி, மூக்கில் ஒன்று வாலில் ஒன்று, அதன் மேல் குங்குமம். எடை பார்த்து முடித்து, நடுவர் கையெழுத்து வைத்த மாடல்களுக்கு! எனக்குச் சந்தனத்தின் மேல் கோபம் இல்லை. ஈப்போவில் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவள் நான். ஆனால் கிளைடரின் வாலில் கட்டைவிரலளவு ஈரச் சந்தனம் அப்புகிற மனிதர் ராக்கெட் கழகத்துச் செயற்குழு உறுப்பினர். பெட்டிக்கடைக்காரர் இல்லை, பொறியியல் படித்தவர்.

ஓடிப்போய் எங்கள் மாடலைப் புள்ளிகளில் விரல் வைத்துத் தூக்கினேன். வால் பொத்தென்று இறங்கியது. கைக்குட்டையை எடுத்தேன். ரியாஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அதுவரை அவன் என்னைத் தொட்டதில்லை.

"வேணாங்க்கா."

"பைத்தியமா? இப்படியே விட்டா மேலே போய் மல்லாந்துடும்."

"தெரியும்க்கா. ஆனா தொடைக்காதீங்க. சாமி வெச்சத தொடச்சான்னு ஆயிடும்."

"துடைக்கிறது நான்தானே?"

"தொடைக்கிறது நீங்க. மாடல் ரியாஸ்து. அதத்தான் பேசுவாங்க."

எனக்கு அந்த நிமிடம் அவன் மேலும் கோபம் வந்தது. இவ்வளவு பயமா என்று. அப்போதுதான் பந்தலுக்குப் பின்னால் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு கோவைக்காரர் குந்தி உட்கார்ந்து, விரலை எச்சிலில் தொட்டுத் தன் மாடலின் வாலை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், அடுத்து இன்னொருவர். செயலாளரும் அவர்களைப் பார்த்தார். பார்த்துச் சிரித்துவிட்டு, "சீக்கிரம்பா" என்று சொல்லிப் போனார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் துடைத்தால் அது வெறும் துடைத்தல். ரியாஸ் துடைத்தால் மட்டும் அதற்கு வேறு பெயர். அவனும் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

கடைசியில், எடை வரம்புக்குள் கொஞ்சம் இடம் இருந்ததால், வாலில் சந்தனத்தை அப்படியே விட்டுவிட்டு மூக்கில் களியைச் சேர்த்தோம். விதி அதற்கு இடம் தருகிறது. வாலுக்கு எதிராக மூக்கில் நல்ல உருண்டையாக ஒன்று. விரலில் தூக்கிப் பார்த்தேன், சரியாக நின்றது. "இதோட விட்டது" என்று மூச்சு விட்டேன்.

விட்டதா? "ஸார் வந்து பாக்கற வரைக்கும் மாடல யாரும் தொடக்கூடாது" என்று செயலாளர் மைக்கில் சொன்னார். ஸார் வரவில்லை. வெயில் ஏறியது. எங்கள் ஊரிலும் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் தாமதமாகத்தான் வருவார். அதற்காக மலேசியாவை உயர்த்திப் பேசமாட்டேன். ஆனால் அங்கே டத்தோ வரும்வரை பறக்க விட்டுக்கொண்டிருப்போம், வந்ததும் கைதட்டி ஒரு மாலை போடுவோம். இங்கே ஒரு மைதானம் முழுக்க மனிதர்களும், அசையாத வானமும், மேசை மேல் வெயிலில் காயும் மாடல்களும் ஒரு காருக்காகக் காத்திருந்தன. அந்த வானத்தை வீணாக்கினார்களே என்று எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கார் வந்தபோது பந்தல் துணி படபடக்க ஆரம்பித்துவிட்டது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே விமானம் ஓட்டினார்கள் என்று ஸார் விரிவாகப் பேசினார். அவர்கள் எந்தச் சீஃப் கெஸ்டுக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்லவில்லை. பேசி முடித்ததும் செயலாளர் அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு எங்களிடம் ஓடிவந்தார். "மேடம், உங்க மாடல்தான் ஃபாரின் மாடல். ஸார் கையால ஃபர்ஸ்ட் அதத்தான் வுடணும். சீக்கிரம் சீக்கிரம்."

ஏவுதளக் கம்பியில் ரியாஸ் மாடலைப் பொருத்தினான். வாலில் நான் பார்த்த சந்தனம் அங்கே இல்லை. வெயிலில் காய்ந்து, வெடித்து, தூக்கிக்கொண்டு வரும்போது உதிர்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் வட்டம் மட்டும் மிச்சம். அப்படியென்றால் மூக்கில் வைத்த களி இப்போது யாருக்கு எதிராக? "ஒரு நிமிஷம் கொடுங்க, களியை எடுக்கணும்!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் மோட்டாரைப் பற்றவைக்கிற மின்சாரப் பெட்டியின் சாவி மாடலை ஓட்டுகிறவர் கழுத்தில்தான் தொங்கும். அது உயிர் சமாச்சாரம். இங்கே செயலாளர் அதை ஏற்கனவே பெட்டியில் செருகி, பொத்தானை ஸார் கையில் கொடுத்திருந்தார். மைக்கில் "த்ரீ, டூ, ஒன்" என்று கூட்டமே எண்ணியது. ரியாஸ் கம்பியை விட்டு நாலு எட்டு வைப்பதற்குள் அழுத்திவிட்டார்கள்.

நேராகத்தான் போனது. அழகாகப் போனது. மேலே போய் மோட்டார் அணைந்ததும் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. குச்சியை முழுக்க இழுத்துப் பிடித்தேன், கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு. மிதக்க வேண்டியது இறங்கியது. தூக்கித் தூக்கிப் பிடித்தும் இறங்கியது. உடையாமல் கொண்டுவந்து உட்கார வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மற்றவர்கள் காற்றில் தடுமாறினாலும் அதிக நேரம் நின்றார்கள். மூன்று சுற்று நடக்க வேண்டிய போட்டி. நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது என்று ஒரே சுற்றில் முடித்தார்கள். உருவ மதிப்பெண்ணையும் சேர்த்து நாங்கள் மூன்றாவது. கோவைக்காரர் இரண்டாவது.

"ஸார் கைராசி மேடம், ஒடையாம எறங்குச்சு பாத்தீங்களா" என்றார் செயலாளர்.

அதற்குப் பிறகு நான் பேசியதை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். எடை பார்த்த மாடலில் சந்தனம் வைத்தது யார், சாவியைச் செருகியது யார், ஆள் நிற்கும்போதே பொத்தானை அழுத்த விட்டது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலைமை நடுவர் வந்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சாமி விஷயத்துல நாம எப்படிங்க குத்தம் சொல்றது?" என்றார். இதைச் சொல்லும்போது அவர் பார்த்தது என்னை அல்ல. வாயே திறக்காமல் என் பின்னால் நின்ற ரியாஸை.

"வுட்டுடுங்க்கா" என்றான் அவன். "நீங்க நாளைக்கு ஃபிளைட்டு ஏறிடுவீங்க. நான் இந்த ஊர்லதான் இருக்கணும்."

புளிசாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைப் பிரிக்காமல் அப்படியே ஒரு நாய்க்கு வைத்தேன்.

வீடு வந்ததும் ரியாஸ் நேராக மாடிக்குப் போனான். அட்டைப்பெட்டியில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான். நான் விடுவதாக இல்லை. ஊர் செய்த அநியாயத்தை வீடாவது செய்யாமல் இருக்கட்டும் என்று ஷாஹிதாவிடம் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டு, சந்தனம், கோவைக்காரரின் எச்சில், பொத்தான். அவள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோவைக்காரரிடம் வந்தபோது மட்டும் கை நின்றது.

"இது தோல்வியே இல்லை ஷாஹிதா. ஏமாத்தினது. இன்னொரு தடவை அவனுக்கு விடு. அந்த ரூமை இப்ப எடுத்துக்காதே" என்று முடித்தேன்.

"பந்தயம் நானா அக்கா வெச்சேன்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ரூம் வேணும்னு கேட்டேன். பொண்ணு பொறந்ததுலேந்து கேட்டுனு இருக்கேன். 'செலக்ட் ஆவலேன்னா தரேன்'னு அவரே சொல்லிக்கினாரு. அப்ப செலக்ட் ஆயிருந்தா? நான் இங்கியே உக்காந்துனு இருக்கணும். அதுக்கு யார்க்கா இவ்ளோ கோவப்பட்டிருப்பீங்க?"

முந்தானையின் ஒரு முனை கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்தது. மறுமுனை அவள் முழங்காலில். மேல் படியில் நூல்கண்டுகள், கீழ்ப்படியில் முடித்த புடவைகள் ஒரு வெள்ளைத் துணியில். வந்த நாளிலிருந்து இந்தப் படியில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் அவள் பட்டை வாரி மடியில் சுருட்டி, காலை மடக்கி எனக்கு வழி விட்டாள். நான் "நன்றிமா" என்று சொல்லிவிட்டு, மேலே போய், ஜன்னலுள்ள அறையில் களியை மிளகு மிளகாக உருட்டிக்கொண்டிருந்தேன். இதோ இவ்வளவு நேரம் எழுதினேனே, இதில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வரி உண்டா? என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலே போனேன். ரியாஸ் பசைக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பந்தயம் யார் வெச்சது ரியாஸ்?"

அவன் அடுத்த குப்பியை எடுத்து அடுக்கினான். காலையிலிருந்து அந்த மைதானத்தில் யார் யாரிடமோ கத்தினேனே, அவ்வளவு கோபமும் இப்போது அவன் மேல் வந்தது. கத்தவில்லை. அவன் அடுக்கி முடித்திருந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பாதிப் படியில் வழி இல்லை. கம்பியில் கட்டிய முந்தானை குறுக்கே இருந்தது. "இருங்க்கா, எடுத்துக்கறேன்" என்று ஷாஹிதா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ எடுக்காதே" என்றேன். "ரியாஸ், இங்கே வா."

வந்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படியில் குந்தி உட்கார்ந்து, கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டையில் ஏந்திக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளைப் பார்த்தான்.

"மேல" என்றாள் ஷாஹிதா.